பூதவுடலின் அருகே ஒரு சொற்பொழிவு

ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தைக் கல்லூரி நாள்களில் பாடமாகப் படித்தோர் நம் வாசகரிடையே பலர் இருப்பர். நாடகத்தின் பிற பகுதிகள் நினைவிலிருந்து நழுவிப் போயிருந்தாலும், கொலையுண்ட சீசரின் உடலருகே நின்று மார்க் ஆண்டனி ஆற்றும் உரையை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சொல்லாற்றலுக்கு எடுத்துக்காட்டு வேண்டுவோர் முதலில் கைகாட்டுவது அந்த உரையைத்தான்.

அதைப் பற்றி வகுப்பறைகளில் வழிவழியாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்று உண்டு. புரூட்டஸ் மக்களின் அறிவை நோக்கிப் பேசினான். ஆண்டனி அவர்களது உணர்ச்சியை நோக்கிப் பேசினான். ஆகவே ஆண்டனி வென்றான் என்பதே அது. இவ்விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொண்டால், இரங்கல் உரையில் உணர்ச்சி கலப்பதே குற்றம் என்ற முடிவுக்கு வந்துவிடுவோம். இறந்தவரின் உடலருகே உணர்ச்சியின்றிப் பேசுவது மனிதத் தன்மை ஆகாது. இலாசரின் கல்லறைக்குச் சென்ற ஆண்டவரே கண்ணீர் விட்டார் என்று யோவான் நற்செய்தி (11:35) நமக்குச் சொல்கிறது. ஆண்டனியின் உரையில் குற்றம் உண்டு; ஆனால் அது கண்ணீரில் இல்லை. அது எங்கே இருக்கிறது என்று காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். வாரந்தோறும் யாரேனும் ஒருவரின் உடலைச் சுற்றி நின்று உரைகளைக் கேட்கும் நமக்கு இவ்வாராய்ச்சி வெறும் இலக்கியப் பொழுதுபோக்கு அன்று.

புரூட்டஸ் தோற்றது ஏன்?

சீசர் கொலையுண்ட நாள் கி.மு. 44 மார்ச் 15. நாடகம் எழுந்ததோ 1599 அளவில். புளூட்டார்க் என்னும் கிரேக்க அறிஞர் எழுதிய வாழ்க்கை வரலாறுகள் 1579இல் ஆங்கிலத்தில் வெளிவந்தன. அந்நூலே ஷேக்ஸ்பியருக்குக் கரு தந்தது. மற்றொரு வரலாற்றாசிரியரான சுவெட்டோனியஸ் கூறுவதைப் பார்த்தால், உண்மையில் ஆண்டனி நீண்ட உரை எதுவும் ஆற்றவில்லை. சீசருக்கு அளிக்கப்பட்ட சிறப்புகளையும், அவரைக் காப்பதாக எல்லாரும் எடுத்துக்கொண்ட உறுதிமொழியையும் ஒருவரைக் கொண்டு படிக்கச் செய்து, தன் சொல்லாகச் சிலவற்றை மட்டுமே சேர்த்தானாம். ஆகவே அரங்கில் நாம் கேட்பது பெரும்பாலும் கவிஞனின் படைப்பு. ஒரு கூட்டத்தின் மனம் எப்படிப் படிப்படியாகத் திருப்பப்படுகிறது என்பதைக் காட்டவே அவன் அதைக் கட்டியிருக்கிறான்.

முதலில் பேசுபவன் புரூட்டஸ். அவன் பேச்சு உரைநடையில் அமைந்தது. அளந்து வைத்தாற்போன்ற வாக்கியங்கள். சீசரை நேசித்ததாகவும், உரோமையை அதைவிட மிகுதியாக நேசித்ததாகவும் சொல்கிறான். சீசர் பேராசை கொண்டவர் என்பதே அவன் சாட்டும் குற்றம். அதற்கு என்ன சான்று? ஒன்றும் இல்லை. தன் மாண்பை முன்னிட்டுத் தன்னை நம்புமாறு கேட்கிறான். அடிமையாய் இருக்க விரும்புவோர் உண்டோ என்று வினவுகிறான். எவரும் வாய் திறவாததைக் கண்டு அதனையே உடன்பாடாகக் கொள்கிறான்.

வாதத்தால் ஒருவரை இணங்க வைக்கும் வழிகளை அரிஸ்டாட்டில் மூன்றாகப் பகுத்தார்: பேசுபவரின் நன்மதிப்பு, கேட்போரின் உணர்ச்சி, சொல்லப்படும் பொருளின் சான்று. புரூட்டஸ் அறிவு வழியில் பேசியதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அவன் முதலாவதை மட்டுமே நம்பினான். மூன்றாவதைத் தொடவே இல்லை. கூட்டம் அவனைப் புரிந்துகொண்ட அழகும் அதற்கேற்பவே இருக்கிறது. இவனையே சீசராக்குவோம் என்று ஒருவன் கூவுகிறான். ஒருவனுடைய ஆட்சி கூடாதென்று கொலை செய்தவனுக்கே முடிசூட்ட நினைக்கும் கூட்டத்தினிடம் அவனுடைய வாதம் போய்ச் சேரவில்லை என்பது தெளிவு. இதை அவன் உணராமல், ஆண்டனியின் உரையைக் கேளுங்கள் என்று மக்களை வேண்டிக்கொண்டு தான் மட்டும் தனியே போய்விடுகிறான். ஆண்டனியைப் பேச விடாதே என்று காசியஸ் முன்பே எச்சரித்ததும் வீணாயிற்று.

ஆண்டனி ஏறிய படிகள்

ஆண்டனிக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் பல. கொலை செய்தவர்களைப் பழிக்கக் கூடாது. அவர்களது இசைவுடன்தான் பேசுகிறேன் என்று சொல்ல வேண்டும். அவன் எதனையும் வெளிப்படையாக மீறவில்லை. புரூட்டசை மாண்புடையவன் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறான். முதன்முறை அது மரியாதையாக ஒலிக்கிறது. இரண்டாம் முறை ஐயத்தை எழுப்புகிறது. நான்காம் முறை வசையாகிறது. நம் இலக்கணிகள் வஞ்சப் புகழ்ச்சி என்று பெயரிட்ட அணியை இதைவிடத் திறமையாகக் கையாண்ட நாடகக் காட்சி வேறு உண்டோ என்று ஐயுறுகிறேன்.

உரையின் முதற்பகுதியில் ஆண்டனி சான்றுகளைத் தருகிறான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. சீசர் கொண்டுவந்த கைதிகளின் மீட்புப் பணம் பொதுக் கருவூலத்தை நிரப்பியது. ஏழைகள் அழுதபோது அவரும் அழுதார். மும்முறை நீட்டப்பட்ட முடியை மும்முறையும் மறுத்தார். சான்றே தராத புரூட்டசுக்குப் பின் இம்மூன்றும் பெரிதாகத் தெரிகின்றன. இவற்றுள் கடைசிச் சான்றுக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. முதல் அங்கத்தில் காஸ்கா அதே நிகழ்ச்சியை விவரிக்கும்போது, ஒவ்வொரு முறையும் சீசர் மேலும் மேலும் மனமின்றியே முடியைத் தள்ளினார் என்கிறான். நாடகம் பார்ப்போருக்கு இது தெரியும். உரோமைக் கூட்டத்துக்கு நினைவில்லை.

சான்றுகளால் நம்பிக்கையைப் பெற்றுக்கொண்ட பிறகு ஆண்டனி பேச்சை நிறுத்துகிறான். தன் இதயம் சீசரோடு பெட்டிக்குள் இருக்கிறது, அது திரும்பி வரும்வரை பொறுங்கள் என்கிறான். அந்த இடைவெளியில் கூட்டத்தார் தமக்குள் பேசிக்கொள்ளத் தொடங்குகிறார்கள். அவன் சொல்ல வேண்டியதை அவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். பிறகு அவன் சீசரின் உயிலை எடுத்துக் காட்டுகிறான். படிக்க மாட்டேன் என்கிறான். படித்தால் நீங்கள் கொதித்தெழுவீர்கள் என்கிறான். மேடையிலிருந்து இறங்கி வந்து உடலைச் சுற்றி வட்டமாக நிற்கச் சொல்கிறான். சீசரின் மேலாடையை எடுத்துக் கத்தி புகுந்த கிழிசல்களை ஒவ்வொன்றாகக் காட்டுகிறான். இறுதியில் ஆடையை விலக்கி உடலையே காட்டுகிறான். தான் புரூட்டசைப் போலப் பேச்சாளன் அல்லன், வெறும் எளிய மனிதன் என்றும் சொல்லிக்கொள்கிறான். நம் ஊர் மேடைகளிலும் எனக்குப் பேசத் தெரியாது என்று தொடங்குபவரே மணிக்கணக்கில் பேசுவதைக் கண்டிருக்கிறோம்.

கூட்டம் கொதித்து ஓட முற்படும்போது ஆண்டனி அவர்களைத் திரும்ப அழைக்கிறான். உயிலை மறந்துவிட்டீர்களே என்கிறான். அவர்கள் உயிலைக் கேட்டுச் சினம் கொள்ளவில்லை; சினம் கொண்ட பிறகே உயிலைக் கேட்டார்கள். குடிமகன் ஒவ்வொருவனுக்கும் 75 திராக்மாவும், தைபர் ஆற்றங்கரைத் தோட்டங்களும் என்று அவன் படித்து முடிக்கும்போது அங்கே சிந்திப்பவர் எவரும் மிச்சமில்லை.

காணாதவனின் சாட்சியம்

இங்கேதான் குற்றத்தின் வேர் இருக்கிறது. மேலாடையில் இந்தக் கிழிசல் காசியசின் கத்தி, இது காஸ்காவின் பொறாமை, இது புரூட்டசின் குத்து என்று ஆண்டனி இனம் பிரித்துக் காட்டுகிறான். கொலை நடந்தபோது அவன் எங்கே இருந்தான்? சதிகாரர்களில் ஒருவனான திரெபோனியஸ் அவனை முன்கூட்டியே அப்பால் அழைத்துச் சென்றுவிட்டான் என்று அதற்கு முந்திய காட்சியே காட்டுகிறது. எந்தக் கிழிசல் எவருடையது என்று அவனால் அறிந்திருக்க முடியாது. அந்த மேலாடையைச் சீசர் முதன்முதலாக அணிந்த மாலையை, நெர்வியரை வென்ற நாளை, தான் நினைவுகூர்வதாகவும் சொல்கிறான். வரலாற்றில் அப்போர் நடந்தது கி.மு. 57இல், ஆண்டனி சீசரின் படையில் சேர்ந்ததோ கி.மு. 54இல்.

ஆடை உண்மை, குருதி உண்மை, காயங்களும் உண்மை. அந்த உண்மைகளின்மேல் தான் காணாத ஒன்றை அவன் கண்டதுபோல ஒட்டவைக்கிறான். அழுது கலங்கிய கண்கள் அந்த ஒட்டைக் காண்பதில்லை. முதற்பகுதியில் சான்றுகளால் ஈட்டிய நம்பிக்கை இப்போது சான்றில்லாத ஒன்றுக்காகச் செலவிடப்படுகிறது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகை பிறக்கும் களங்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கினையும், வெகுளி பிறக்கும் களங்களாக உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்னும் நான்கினையும் கூறுகிறார். இவ்விரு பட்டியல்களும் தனித்தனியானவை. இழந்தவன் அழுவான், கொலையைக் கண்டவன் சினப்பான். ஆண்டனியின் திறமையெல்லாம் ஒரு பட்டியலிலிருந்து மற்றதற்குக் கூட்டத்தை அறியாமலே கடத்திச் செல்வதில் இருக்கிறது. இழவுக்காக வந்த கண்ணீர் காய்வதற்குள், அறுபட்ட உடலையும் கொலையையும் முன்னே நிறுத்துகிறான். வீட்டுக்குத் திரும்ப வேண்டிய கைகள் இருக்கைகளைப் பெயர்க்கின்றன, கொள்ளிக்கட்டையை ஏந்துகின்றன.

அடுத்த காட்சி மிகச் சிறியது. மேடையில் பலர் அதை விட்டுவிடுவதும் உண்டு. சீசரின் அடக்கத்துக்குச் சென்றுகொண்டிருந்த சின்னா என்னும் கவிஞனைக் கூட்டம் வழிமறிக்கிறது. சதிகாரரில் ஒருவனுக்கும் அதே பெயர். நான் அவனல்லன், கவிஞன் என்று அவன் கதறுகிறான். அப்படியானால் மோசமான கவிதை எழுதியதற்காகக் கொல்லுங்கள் என்று விடை வருகிறது. பெயர் மாறாட்டத்தால் ஒரு சின்னா கொல்லப்பட்டதைச் சுவெட்டோனியசும் எழுதியிருக்கிறார். ஆண்டனியின் உரையைப் புகழ்பவர்கள் இக்காட்சியையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஓர் உரையின் தரத்தை அதன் கைத்தட்டலைக் கொண்டு அளப்பதைவிட, அதைக் கேட்டுவிட்டுக் கலைந்து சென்றவர்கள் வழியில் யாரை என்ன செய்தார்கள் என்பதைக் கொண்டு அளப்பது நேர்மையானது.

நான்காம் அங்கத்தில் ஆண்டனியை மீண்டும் காண்கிறோம். யார் யாரைக் கொல்வது என்று பட்டியல் போட்டுக்கொண்டிருக்கிறான். தன் சகோதரியின் மகனையும் அதில் விட்டுக்கொடுக்கிறான். உடனே, சீசரின் உயிலைக் கொண்டு வா, அதில் சொல்லப்பட்ட தொகைகளில் எதைக் குறைக்கலாம் என்று பார்ப்போம் என்று இலெப்பிடசை அனுப்புகிறான். மக்களை அழவைத்த அதே உயில்! இறந்தவர்மீது அவனுக்கு அன்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். உடலோடு தனித்திருந்தபோது அவன் அழுதது உண்மையான அழுகை. ஆயினும் அன்பு உண்மையாக இருப்பது மட்டுமே பேச்சை உண்மையாக்கிவிடாது என்பதற்கு அவனே சான்று.

தமிழ் மரபு காட்டும் வழி

இறந்தாரைப் பாடும் துறையைப் புறப்பொருள் மரபு கையறுநிலை என்றது. செய்வதறியாது செயலற்று நிற்பதே கையறுதல். அதியமான் மாய்ந்தபோது ஔவையார் பாடிய பாடல் புறநானூற்றில் (235) உள்ளது. அவன் மார்பில் பாய்ந்த வேல், அவனை நம்பி வாழ்ந்த பாணர், இரவலர், புலவர் எல்லாரையும் துளைத்துச் சென்றது என்று அவர் கலங்குகிறார். வேலைப் பற்றிப் பாடியவர் அதை எறிந்தவன் பெயரைச் சொல்லவில்லை. ஆண்டனி ஒவ்வொரு கிழிசலுக்கும் ஒரு பெயர் வைத்தான். ஔவையார் ஒரே காயத்தைக் காட்டி அதில் எத்தனை பேர் இறந்தனர் என்று எண்ணச் சொன்னார். பாடல் முடியும்போது நம் கைகள் வெறுமையாக இருக்கின்றன. இழப்பின் முழு அளவும் அப்போதுதான் தெரிகிறது.

அப்படியென்றால் அநீதியாகக் கொல்லப்பட்டவருக்காக நீதி கேட்கவே கூடாதா? இவ்வினாவுக்குச் சிலப்பதிகாரத்தில் விடை உண்டு. கண்ணகியும் கணவனின் வெட்டுண்ட உடலைத் தழுவி அழுதவளே. ஆனால் அவள் அழுகையைக் கூட்டத்தின் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கவில்லை. குற்றம் செய்தவன் எதிரே, அவனது அவையிலேயே போய் நின்றாள். அவன் பேசுவதையும் கேட்டாள். தன் சிலம்பில் இருப்பது மாணிக்கம் என்று சோதித்தறியக்கூடிய சான்றினை முன்வைத்தாள். சிலம்பை உடைத்தும் காட்டினாள். பாண்டியன் தன் தவற்றைத் தானே கண்டு உயிர்விட்டான். அதன்பின் மதுரை எரிந்தது நம் மனத்தை இன்றும் உறுத்துவதே. எனினும் அந்தத் தீயிடமும், அறவோரையும் முதியோரையும் குழந்தைகளையும் விலக்கித் தீயோரிடம் மட்டும் செல்லுமாறு அவள் ஏவுகிறாள். உரோமையில் எழுந்த தீக்கு அத்தகைய கட்டளை எதுவும் இல்லை. ‘கெடுதியே, நீ புறப்பட்டுவிட்டாய், விரும்பிய வழியில் போ’ என்ற கருத்துப்படத்தான் ஆண்டனி தனக்குள் சொல்லிக்கொள்கிறான்.

1969 பிப்ரவரி

நம் காஞ்சி மண்ணில் 1909இல் பிறந்த பேரறிஞர் அண்ணா, முதலமைச்சராக இருக்கும்போதே 1969 பிப்ரவரி 3ஆம் நாள் மறைந்தார். அவரது இறுதி ஊர்வலத்தில் கூடியவர்கள் ஒன்றரைக் கோடி என்று கின்னஸ் நூல் மதிப்பிட்டது. அந்தத் துயரில் மு. கருணாநிதி வானொலியில் படித்த இரங்கற்பாவை இன்றும் மனப்பாடமாகச் சொல்லும் முதியவர்கள் உண்டு. தலைவரின் இதயத்தை இரவலாகக் கேட்டு, தான் வரும்போது அதைத் திருப்பித் தருவதாக வாக்களிக்கும் பாடல் அது. ஆண்டனி தன் இதயம் பெட்டிக்குள் இருப்பதாகச் சொன்னான். இங்கோ பெட்டிக்குள் இருப்பவரின் இதயம் கேட்கப்படுகிறது. அதில் வாரிசுரிமையின் குரலும் கலந்திருந்தது என்று சொல்வோர் உண்டு. பிப்ரவரி 10ஆம் நாள் கவிஞர் முதலமைச்சரானது அவர்களுக்கு ஒரு காரணம். அக்கூற்றை நாம் முற்றிலும் தள்ளிவிட வேண்டியதில்லை. ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது: அப்பாடல் எவரையும் குற்றவாளியாகச் சுட்டவில்லை. கேட்டவர்கள் அழுதார்கள், உறுதி பூண்டார்கள். எவர் வீட்டையும் தேடிப் போகச் சொல்லும் சொல் அதில் இல்லை.

பேச்சாளர் எவரும் தூண்டாமலேகூடத் துயரம் தனக்கொரு பகைவனைத் தேடிக்கொள்ளும். 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது சென்னை அண்ணா சாலையில் இருந்த கருணாநிதியின் சிலை உடைக்கப்பட்டதை நாம் மறக்கவில்லை. கூட்டத்தின் நெஞ்சில் அத்தகைய உலர்ந்த சருகு எப்போதும் கிடக்கிறது. அதனால்தான் பேசுபவரின் பொறுப்பு பெரிதாகிறது.

நம் கல்லறைத் தோட்டங்களில்

திருச்சபையின் வரலாற்றிலும் புகழ்பெற்ற இரங்கல் உரைகள் உண்டு. 395இல் மிலான் நகரில் பேரரசர் தெயொதோசியுசின் மறைவையொட்டி ஆயர் புனித அம்புரோசு உரையாற்றினார். இளம் மைந்தர்களுக்கு விசுவாசமாக இருங்கள் என்று படைவீரர்களைக் கேட்டுக்கொண்டதால் அதில் அரசியலும் இருந்தது. ஆனால் பேரரசர் செய்த பாவத்தையும், அதற்காக அவர் பலர் அறியப் புலம்பி மனம் வருந்தியதையும் அம்புரோசு மறைக்கவில்லை. அந்த மனவருத்தத்தையே அவரது பெருமையாகக் காட்டினார். இறந்தவரைக் குற்றமற்றவராக்கினால்தான் அவரை மதிக்க முடியும் என்று அவர் எண்ணவில்லை.

திருப்பலி நூலின் பொது வழிமுறைகள் (எண் 382) அடக்கத் திருப்பலியில் வழக்கமாகச் சுருக்கமான மறையுரை இருக்க வேண்டும், எவ்வகைப் புகழுரையும் கூடாது என்கின்றன. இவ்விதி கேட்டுச் சிலர் மனம் நோகின்றனர். தந்தையைப் பற்றி நான்கு நல்ல வார்த்தை சொல்லக் கூடாதா என்கின்றனர். சொல்லலாம், அதற்கு வீட்டிலும் நினைவுக் கூட்டத்திலும் இடம் உண்டு. பலிபீடத்தின் அருகே இறந்தவரும் இருப்பவரும் ஒரே இரக்கத்தை எதிர்பார்த்து நிற்கிறார்கள். அங்கே ஒருவரை உயர்த்தத் தொடங்கினால், விரைவில் மற்றொருவரைத் தாழ்த்த வேண்டியிருக்கும்.

தாமல் ஏரியைச் சுற்றியுள்ள இப்பகுதிச் சிற்றூர்களில் இன்று ஒலிபெருக்கி இல்லாத அடக்கம் அரிது. சாலை விபத்தில் இறந்த இளைஞர் ஒருவரின் அடக்கத்துக்குப் பல ஆண்டுகளுக்கு முன் சென்றிருந்தேன். உறவினர் ஒருவர் உருக்கமாகவே பேசினார். பேச்சின் முடிவில், அன்றிரவு இவனை வண்டியில் அழைத்துப் போனவனுக்குத் தெரியும் என்று ஒரே ஒரு வாக்கியம் சேர்த்தார். அவர் விபத்தைப் பார்த்தவர் அல்லர். கூட்டத்தின் கண்களெல்லாம் கட்டுப்போட்ட கையுடன் ஓரத்தில் நின்ற நண்பன்மேல் திரும்பின. எல்லாரும் குழிக்கருகே சென்று கைப்பிடி மண் இட்டார்கள். அவன் மட்டும் வரவில்லை. எவரும் அவனை அடிக்கவில்லை. ஒரு கல்லும் வீசப்படவில்லை. ஆனால் தன் நண்பனுக்கு மண் இடும் உரிமையை ஒரு வாக்கியம் அவனிடமிருந்து பறித்துவிட்டது. சின்னாவின் காட்சி அன்றுதான் எனக்கு முழுவதும் விளங்கியது.

ஆகவே இரங்கல் உரை கேட்கும்போது நாம் நமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. இவர் கண்டதைச் சொல்கிறாரா? இவர் சுட்டுகிறவருக்கு விடை சொல்ல இங்கே இடம் உண்டா? கேட்டு முடித்தபின் என் கை எதைத் தேடுகிறது? அழுவதற்கு அஞ்ச வேண்டாம். கண்ணீரோடு சேர்த்து நம்மிடம் வேறு எது கேட்கப்படுகிறது என்பதில் மட்டும் விழிப்பாக இருந்தால் போதும்.

மிலான் நகரில் சொற்கலை ஆசிரியராக இருந்தவர் புனித அகுஸ்தினார். கூட்டத்தை உருக்கும் வித்தையை அவரைவிட நன்கறிந்தவர் அக்காலத்தில் சிலரே. 387இல் ஓஸ்தியா துறைமுகத்தில் தாய் மோனிக்கா இறந்தபோது அவர் சொற்பொழிவு எதுவும் ஆற்றவில்லை. அடக்கத்தின்போது கண்ணீரை அடக்கிக்கொண்டு, பிறகு தனிமையில் அழுததாகத் தம் ‘அறிக்கைகள்’ நூலின் ஒன்பதாம் பகுதியில் எழுதுகிறார். பல்லாண்டுகள் கழித்து அதை எழுதும்போது படிப்பவர்களிடம் அவர் கேட்பது ஒன்றே: உங்கள் பலிபீடத்தருகே என் தாயை நினைத்துக்கொள்ளுங்கள். தாயைக் கணவரின் பெயரோடு சேர்த்தே குறிப்பிட்டு, இருவருக்காகவும் வேண்டச் சொல்கிறார். பதினாறு நூற்றாண்டுகளாக அந்த வேண்டுகோளை ஏற்றுப் பலர் கைகுவித்திருக்கிறார்கள்.